நிறுத்திப் பிடிக்கும் புரதம்

கல்குடாக் கடற்கரையில் பொழுதுபட எடுத்த படத்தில் மகளின் இடக்கண் வெள்ளையாக விழுந்திருந்தது. அவளுக்கு அப்போது இரண்டு வயதும் ஆகவில்லை. கைபேசி வெளிச்சம் பட்டிருக்கும் என்றுதான் நானும் கணவரும் நினைத்தோம். பிறகு எடுத்த படங்களிலும் அதே வெள்ளை. கண் டொக்டரிடம் கொண்டுபோனோம். அவர் பார்த்துவிட்டு உடனே கொழும்புக்கு அனுப்பினார்.

கொழும்பு டொக்டர் தமிழர். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன் என்றதும் அவருக்குப் பாரம் குறைந்ததுபோல் இருந்தது. பாடநூல் மொழியிலேயே சொல்லிக்கொண்டு போனார். வளரச் சொல்லும் சமிக்ஞை வந்தால்தான் விழித்திரைக் கலம், அதாவது செல், பிரிய வேண்டும். அதுவரை ஒரு புரதம் அதை நிறுத்திப் பிடித்திருக்கும். மகளின் கண்ணில் ஏதோ ஒரு கலம் அந்தப் புரதத்தை ஆக்கும் பரம்பரையலகை, அந்த ஜீனை, இழந்துவிட்டது. எந்தச் சமிக்ஞைக்கும் காத்திராமல் அது பெருகி, கண் நிறையக் கட்டியாகிவிட்டது.

எல்லாம் விளங்கியது. ஒன்றும் உறைக்கவில்லை. மேசையில் இருந்த பிளாஸ்டிக் கண்ணில் விழித்திரை கழன்று கிடந்தது. அதைப் பொருத்தி வைத்தேன்.

கணவர் பழுகாமத்தில் வயல் செய்பவர். வெளியே வந்ததும் கேட்டார்.

“என்னவாம்? எனக்கு ஒண்டும் விளங்கல்ல.”

“கண்ண எடுக்கணுமாம். எடுத்தா உசிருக்குப் பயமில்லயாம்.”

“நாம என்ன பிழை விட்டம்?”

“ஒருத்தரும் ஒண்டும் செய்யல்ல. கலம் பிரியக்குள்ள நடந்த பிழை.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். மகளைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன அன்று நான் கன்டீனில் மீன் பணிஸ் வாங்கித் தின்றேன். பசித்தது.

அடுத்த தவணை அதே பாடம் வந்தது. ஒரு மாணவி எழும்பினாள்.

“டீச்சர், நிறுத்துற புரதம் இல்லாட்டி?”

“கலம் பிரிஞ்சுகொண்டே இருக்கும். புற்றுநோய் வரும்.”

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். கரும்பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த அலகுக்குப் போனேன்.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். மற்றக் கண்ணில் ஒன்றும் இல்லை என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் சொல்கிறார்கள். போன கிழமை நான் அவளுடைய செயற்கைக் கண்ணைக் கழுவிக்கொண்டு நின்றபோது கேட்டாள்.

“அம்மா, அந்த இடத்தில மறுகா கண் முளைக்குமா?”

“முளைக்காது மனே.”

“அப்ப கெதியாப் போட்டுவிடுங்க. விளையாடப் போகணும்.”

கதவடியில் நின்ற கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அன்று வராத அழுகை இன்னும் வரவில்லை. கண்ணைத் துடைத்துப் போட்டுவிட்டேன். அவள் வாவிப் பக்கம் ஓடிவிட்டாள்.