நாலு வெற்றுக் குச்சிகள்

எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அண்ணன் அதன் கீழ்மூலையை மட்டும் இரண்டு விரல் நுனியால் பிடிப்பார். போன், ரிமோட், மிட்டாய் டப்பா எல்லாம் அப்படித்தான். "செத்த எலியைத் தூக்குற மாதிரி தூக்காதீங்க" என்று அண்ணி பல வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். மேலே ஆன்டெனா இருக்கும், கை பட்டால் சிக்னல் படுத்துவிடும் என்பது அண்ணனுக்கு உடம்பில் ஊறிவிட்டது. மிட்டாய் டப்பாவில் ஆன்டெனா இல்லை என்பது அந்த விரல்களுக்குத் தெரியாது.

வைஃபை பெட்டிக்குள் இருக்கும் ஆன்டெனாவை வடிவமைப்பதுதான் அவர் வேலை. அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி இல்லை. சர்க்யூட் போர்டின் ஓரத்தில் ஒட்டினாற்போல ஒரு செம்புக் கோடு, மடிந்து மடிந்து போகும். ஒவ்வொரு புதுப் பெட்டியிலும் கம்பெனி அவருக்குத் தரும் இடம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் உள்ளங்கை, பிறகு விரல், கடைசியில் நகம். ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயரே 'நகம்'. சாப்பிட்டு முடித்ததும் தண்ணீரைத் தொட்டு மேஜையில் அந்தக் கோட்டை வரைவார். நான் துடைக்காமல் காத்திருப்பேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு அது புரியாது. ஆனால் எந்த மடிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரியும்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. வெளியே ஒன்றுமே நீட்டிக்கொண்டிராத பெட்டி, சோப்பு டப்பா மாதிரி மொழுமொழுவென்று. போன வருஷம் செய்து முடித்துவிட்டார். சுவரெல்லாம் ஸ்பாஞ்சு முள் பதித்த சோதனை அறையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து, "சிக்னல் எல்லாப் பக்கமும் நல்லா போகுது" என்றார். அன்றைக்கு டம்ளரை முழுக் கையாலும் பிடித்துக் காப்பி குடித்தார்.

விற்பனை மேனேஜர் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"அழகா இருக்கு, நகம். ஆனா வேலை செய்யிற மாதிரியே தெரியலையே. ஜனங்க குச்சியை எண்ணித்தான் வாங்குறாங்க. நாலு வெச்சிடுவோம்."

"குச்சிக்குள்ள என்ன சார் வைக்கிறது?"

"ஒண்ணும் வேணாம். சும்மா பிளாஸ்டிக்."

குச்சி வைத்தால் வேலையை விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"அந்த மேனேஜருக்குத்தான் கொம்பு முளைச்சிருக்குன்னு நெனச்சேன், பெட்டிக்கும் முளைச்சிடுச்சா?" என்றார் அண்ணி. "நகத்தளவு செம்புக்கு இத்தனை கோவமா? போய் வேலையப் பாருங்க."

ஆபீசிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள் என்று அண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை அவராகவே கிளம்பிப் போனார். அவர் அப்படிச் சொன்னதையே மேனேஜர் மறந்துபோயிருந்தார்.

நாலு குச்சியோடு கடைக்குப் போன பெட்டி பிய்த்துக்கொண்டு விற்றது. அண்ணியின் தம்பி ஒன்றை வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தான்.

"அத்தான், உங்க கம்பெனி சரக்கு! பழசுல ரெண்டு கொம்புதான், அதான் இழுக்கலை. இதுல நாலு!" பெட்டியை ஹாலில் மாட்டி, ஒரு குச்சியைப் படுக்கையறைப் பக்கம் வளைத்தான். "இது அக்காவுக்கு." இன்னொன்றைச் சமையலறைப் பக்கம். பிறகு போனைத் தூக்கிக் காட்டினான். "பாத்தீங்களா? கொம்பு கொம்புதான்!"

குச்சிக்குள் ஒன்றுமில்லை என்பதை அண்ணன் சொல்லிவிடுவார் என்று வாசற்படியில் நின்றபடி அவர் வாயையே பார்த்தேன்.

"நல்லா புடிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மேனேஜர் இப்போது இன்னும் பெரிய பதவிக்குப் போய்விட்டார். அடுத்த பெட்டிக்கு ஆறு குச்சியாம். குச்சி மடங்கும் இடத்தில் இருக்கும் ஸ்க்ரூ, செம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து சிக்னலைக் கெடுக்கிறது. ஸ்க்ரூவைத் தள்ளி வையுங்கள் என்று அண்ணன் கேட்டதற்கு, பெட்டியின் அழகு போய்விடும், உங்கள் கோட்டைத் தள்ளிக்கொள்ளுங்கள் என்றார்களாம். அதனால் வெற்றுக் குச்சிகளுக்கு இடம் விட்டு, தன் ஆன்டெனாவைப் பாதி நகமாக்கிக்கொண்டிருக்கிறார். மேஜையில் எதுவும் வரைவதில்லை. சாப்பிட்டதும் எழுந்துவிடுகிறார், நானும் உடனே துடைத்துவிடுகிறேன். அண்ணியின் தம்பி கொடுத்த பெட்டி ஹாலில்தான் இருக்கிறது. அதன் நாலு குச்சியிலும் தூசி தட்டுவது என் வேலை.