என் கை எட்டிய உயரம்

இன்று ஹிஞ்சேவாடி ஆபீஸ் கேன்டீனில் லட்டு விற்றோம். மார்பகப் புற்றுநோய்க்காரர்களின் வீடு தேடி வரும் நர்ஸ்களுக்குச் சம்பளம் திரட்டத்தான்.

பக்கத்து டீம் சதீஷ், கோயமுத்தூர்க்காரர், லட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க அக்கா, இந்தக் காசு நெசமாவே போய்ச் சேருதுங்களா?"

வலது கையைத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்கிக் காட்டினேன். அவர் விழித்தார்.

"போன வருஷம் ஆபரேஷனுக்கு அப்புறம் இது தோளுக்கு மேல போகல. அப்படி வந்த ஒரு சிஸ்டர்தான், 'தோடா ஔர், தீதி', இன்னும் கொஞ்சம் அக்கான்னு சொல்லிச் சொல்லி, செவுத்துல என் விரல ஏற வச்சாங்க. எட்டின எடத்துல எல்லாம் பென்சில் கோடு போட்டாங்க."

சதீஷ் வீட்டுக்கும் சேர்த்து லட்டு வாங்கிப் போனார்.

அந்தக் கோடுகளைக் குழந்தைக் கிறுக்கல் என்று நினைத்து, நான் வாடகைக்கு இருக்கும் வானவடி வீட்டின் சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் அடிக்க ஆள் அனுப்புகிறாராம். என்ன சொல்லித் தடுக்கலாம், சொல்லுங்கள்.