வெள்ளிக்கிழமைக் கண்ணாடி

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், பஞ்சு வைத்த தீப்பெட்டிக்குள், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடித் துண்டு ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் எள்ளளவு நான்கு சதுரங்கள். மின்சாரம் கொடுத்தால் அவை நீலமாக ஒளிர வேண்டும், ஒளிர்வதில்லை. ஓரத்தில் வைரமுனைப் பேனாவால் நான் கீறிய எண் மட்டும் இன்னும் தெளிவாக இருக்கிறது: 47.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான் உதவியாளன். கண்ணாடிகளைக் கழுவி உலர்த்துவதும் அவற்றில் படலம் பூசும் வெற்றிடக் கருவியைப் பார்த்துக்கொள்வதும் பதிவேடு எழுதுவதும் என் வேலை. அன்றன்று செய்த வேலையை வீட்டில் தனியாக நாட்குறிப்பிலும் எழுதுவேன். அந்தக் கண்ணாடி, நாங்கள் ‘வெள்ளிமலை மேடம்’ என்று அழைத்த ஆராய்ச்சி மாணவியுடையது. கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையில் சாமை விதைக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்குவார், சனிக்கிழமை மாலை ஏறுவார். மலைப்பாதையின் வளைவுகளில் குமட்டாமலிருக்க ஓர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவார். வாரம் முழுவதும் அது அவர் மேசையில் கிடந்து சுருங்கும்.

செல்போன் திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஒளிகள் உண்டு. சில திரைகளில், கரிமப் பொருளை மிக மெல்லிய படலமாகப் பூசி மின்சாரம் செலுத்தினால் அதுவே ஒளிர்கிறது. சிவப்பும் பச்சையும் நெடுநாள் தாங்கும். நீலம்தான் சீக்கிரம் மங்கும். நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம். அந்த ஆற்றலே தன்னைப் பெற்ற மூலக்கூறை உடைத்துவிடுகிறது. நீல மூலக்கூறுகளை வேறொரு பொருளுக்குள் தள்ளித் தள்ளி அமர்த்தினால் கூடுதலாகத் தாங்கும் என்பது மேடத்தின் யோசனை. எனக்கு அவர் விளக்கியது இப்படி: “நெருக்கி வெதச்சா சாமை கதிர் வுடாதுண்ணே. இதுவும் அப்டித்தான். எடம் வுட்டு ஒக்கார வெக்கணும்.”

யோசனை பலித்தது, பாதி நாட்கள் மட்டும். அதே பொடி, அதே கருவி, அதே கைகள். ஆனால் சில கண்ணாடிகள் நாள் கணக்கில் ஒளிர்ந்தன, சில நாங்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பாதியாக மங்கின. நான்கு ஆண்டு உழைப்பு; உதவித்தொகை முடியப்போகிறது. ஒருநாள் பேராசிரியர், “ஒரு தடவ வந்து ஒரு தடவ வரலன்னா எதம்மா எழுதுவ? இந்த மாசத்துக்குள்ள ஒரே மாதிரி வரலன்னா பச்சைக்கு மாறிக்க” என்று சொல்லிவிட்டுப் போனார். மேடம் எலுமிச்சம்பழத்தை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “பச்சை எங்க மலையிலயே ஜாஸ்தி கெடக்குதுண்ணே. எனக்கு நீலந்தான் வேணும்” என்றார்.

மங்கிய கண்ணாடிகளின் பட்டியல் கேட்டார். பதிவேட்டில் படலம் பூசிய தேதிதான் இருக்கும். சனியன்று பூசியதும் உண்டு, திங்கள், செவ்வாயில் பூசியதும் உண்டு. ஓர் ஒழுங்கும் தெரியவில்லை. கழுவிய தேதியையும் சேர்த்துக் கொடுப்போமே என்று வீட்டில் என் நாட்குறிப்பைப் புரட்டினேன். மங்கியவை ஒன்று விடாமல் வெள்ளிக்கிழமை கழுவியவை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையின் கீழும் என் கையெழுத்தில் ஒரே வரி: ‘காலை 9.15. கருவிக்குப் பூசை.’ கருவி வந்து இறங்கிய வாரத்தில் நானே தொடங்கிய வழக்கம் அது. அதன் நெற்றிக்கு விபூதி, குங்குமம். முன்னால் சாம்பிராணி, தட்டில் கற்பூரம். கருவி இருக்கும் மேசையின் மறுகோடியில்தான் காலையில் கழுவிய கண்ணாடிகள் மூடியில்லாத தட்டில் உலரும். கண்ணுக்குத் தெரியாமல் புகை படிந்திருக்கிறது. மற்ற மாணவர்கள் பூசிய பச்சை அதைப் பொறுத்துக்கொண்டது, ஆகவே யாரும் கவனிக்கவில்லை. நீலம் பொறுக்கவில்லை.

இரண்டு நாள் நான் சொல்லவில்லை. பஸ் தாமதமானதைக்கூட நிமிடக் கணக்கில் எழுதுகிறவன், அந்த இரண்டு நாளும் நாட்குறிப்பில் வானிலையை மட்டும் எழுதியிருக்கிறேன். மூன்றாம் நாள் காலை நாட்குறிப்பையே கொண்டுபோய் அவர் முன் விரித்துவைத்தேன். விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தவர் நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். “இன்னாண்ணே, சாமி கும்புட்டே என் நீலத்த கொன்னுகினு இருந்தீங்களா!” என்று மேசையில் தட்டிச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். இனி பூசையே வேண்டாம் என்றேன்.

“அதெப்படி? நீங்க சொல்றீங்கன்னு நான் நம்பிடுவனா? வர்ற வெள்ளிக்கெழம ஏத்துங்க. பாதி கண்ணாடி தட்டுல, பாதி மூடி போட்ட டப்பாவுல. அப்பத்தான் தெரியும்.”

அந்த வெள்ளிக்கிழமை நான் கற்பூரம் ஏற்றினேன். மணியடிக்கத் தயங்கியதும், “அடிங்கண்ணே, எப்பவும் செய்றத எதையும் மாத்தக் கூடாது” என்று அதட்டினார். நான் தீபம் காட்டி முடிக்கும்வரை அவரும் கைகூப்பி நின்றார். ஒரு கண் கடிகாரத்தில் இருந்தது.

புகை பட்டவை மங்கின. டப்பாவில் இருந்தவை எல்லாம் ஒளிர்ந்துகொண்டே இருந்தன. அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் பேராசிரியர் அளவுகளை மூன்று முறை பார்த்துவிட்டு, “எழுதும்மா” என்றார். அந்த ஆய்வேட்டில், கழுவிய கண்ணாடிகளைப் புகை படாத மூடிய பெட்டியில் உலர்த்த வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. யாருடைய புகை என்று அதில் இல்லை.

நல்ல கண்ணாடிகளில் ஒன்றை மேடம் வெள்ளிமலைக்கு எடுத்துப்போய் அப்பாவுக்கு ஏற்றிக் காட்டினாராம். அவர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “இத்துனூண்டு வெளிச்சத்துக்கா நாலு வருசம் பஸ்ஸு ஏறி எறங்குன?” என்று கேட்டாராம். கேட்டாரே தவிர, அணைக்க விடவில்லையாம்.

மேடம் இப்போது வேறு ஊரில், தன் சொந்த ஆய்வகத்தில் நீலத்தோடுதான் இருக்கிறார். இங்கே பூசை வராந்தாவுக்கு மாறிவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை. 9.15க்குக் கற்பூரம் ஏற்றினேன். கருவியைக் கதவின் கண்ணாடி வழியாகவே கும்பிட்டேன். உள்ளே வந்து உட்காரும்போது, எல்லா வெள்ளியும் வருவதுபோல் செய்தி வந்திருந்தது: ‘அண்ணே, கதவ சாத்தினீங்களா?’ ‘சாத்தியாச்சு மேடம்’ என்று அனுப்பினேன். பிறகு தீப்பெட்டியைத் திறந்தேன். 47, சோதித்துப் பார்த்த அந்த வெள்ளிக்கிழமை தட்டில் இருந்தது, புகை பட்டது. ஒளிர்ந்ததை அவர் வைத்துக்கொண்டார். இதை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். துடைத்து, பஞ்சின்மேல் வைத்து, இழுப்பறையை மூடினேன்.