வரேன்னு சொல்லக் கூடாத வீடு

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு டிவி முன்னால்தான். அந்த நேரத்தில் ஒரு காமெடித் தொடர் ஓடும். அதில் வரும் குடும்பத் தலைவர், எங்கே எதைச் சொல்லக் கூடாதோ அங்கே அதைச் சரியாகச் சொல்லிவிடுவார். உடனே எல்லோர் முகத்தையும் ஒரு ரவுண்டு காட்டுவார்கள். யாரோ ஒரு கூட்டம் எங்கிருந்தோ சிரிக்கும். என் மகள் மட்டும் சிரிக்க மாட்டாள். டிவியைப் பார்ப்பாள், அப்புறம் என்னைப் பார்ப்பாள்.

"நைனா, உன்னப் பாத்துதான் எடுக்கறாங்க. ஏதாச்சும் துட்டு குடுக்கறாங்களா இல்லியா?"

அந்த ஆளுக்காவது பின்னால் சிரிக்க ஒரு கூட்டம் இருக்கிறது. நான் சொன்னால் ஃபேன் சத்தம்தான் கேட்கும். போதாக்குறைக்கு நான் வேலை செய்வது கும்மிடிப்பூண்டியில், இரும்புக் கம்பி செய்யும் ஒரு ரோலிங் மில்லில். அங்கே பக்கத்தில் நிற்பவனிடம் தண்ணீர் கேட்பதானாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். அதனால் நான் ரகசியம் பேசினால் தெருக்கோடி வரைக்கும் போகும். அதற்கு மேல் போகாது.

மகள் தன்னோடு வேலை செய்கிற பையனை விரும்பினாள். பெரியபாளையத்துக் குடும்பம். கோயில் பக்கத்தில் பூஜைச் சாமான் கடை. இரண்டு பக்கமும் பேசிச் சம்மதித்து, பூ வைத்து நிச்சயம் பண்ண நாள் பார்க்கிற சமயத்தில் பையனின் பெரியப்பா மாரடைப்பில் போய்விட்டார். அடக்கம் முடிந்த கையோடு பையனின் அத்தை, "அந்தப் பொண்ணு பேச்ச எடுத்த நேரம், ஊட்ல சாவு" என்று ஆரம்பித்துவிட்டாராம். பையன் போனில் சொல்ல, மகள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

துக்கம் விசாரிக்க நானும் மனைவியும் கிளம்பினோம். பஸ் முழுக்க அவள் எனக்குப் பாடம் எடுத்தாள்.

"தோ பாருங்க. போனமா, குந்துனமா, எழுந்தமான்னு இருக்கணும். வாயத் தொறந்தீங்க, உங்க பொண்ணுக்கு அந்த ஊடு இல்ல."

"துக்கம் கேக்கப் போய் கம்முனு இருந்தா திமிருன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"நெனைக்கட்டும். திமிரு புடிச்சவன் பொண்ண கட்டிக்குவாங்க. உங்க பொண்ண கட்டிக்குவாங்களான்றதுதான் தெரில."

சொன்னபடியே உட்கார்ந்திருந்தேன். ஹாலில் சுவரோரமாக இறந்தவரின் மனைவி. யார் வந்து கையைப் பிடித்தாலும் அந்தம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் அத்தை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பையனின் அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நான் தலையை ஆட்டினேன், பெருமூச்சு விட்டேன், காபி வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

மனைவி கண்ணைக் காட்டினாள். எழுந்தோம். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும், அது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் செருப்பில் கால் நுழைந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அப்ப, நாங்க போய்ட்டு வரோம்!"

மில் குரல். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாய்யா," என்றார் அத்தை, "அடுத்த சாவுக்கு இப்பவே சொல்லி வெச்சுட்டுப் போறியா?"

அத்தோடு ஓடியிருக்கலாம். நான் சரிசெய்யப் பார்த்தேன்.

"ஐயோ, இல்லம்மா! நான் வரல! இனிமே இந்த ஊட்டுப் பக்கமே வரல!"

சம்பந்தம் பேசுகிற வீட்டில் பெண்ணைப் பெற்றவன் சொல்கிற பேச்சு. பையனின் அப்பா நடப்பதை நிறுத்திவிட்டார். மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். மகளுக்கு என்ன பதில் சொல்வேன்?

சுவரோரமாக ஒரு சத்தம் கேட்டது. அந்தம்மா அழுகிறார் என்று எல்லோரும் ஓடினார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவரும் இதே கேஸுதான்," என்றார், சுவரில் மாலை போட்டிருந்த கணவரின் போட்டோவைக் காட்டி. "எங்கண்ணன் செத்தப்ப வந்து, எங்க அண்ணிகிட்ட 'அண்ணன் சௌக்கியமா'ன்னு கேட்டாரே!"

பையனின் அப்பாவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. "ஆஸ்பத்திரில ஒருத்தரப் பாக்கப் போயி, 'அடிக்கடி வாங்க'ன்னு சொல்லிட்டு வந்தாரே அண்ணி!" அப்புறம் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். இறந்தவர் பேசக் கூடாததைப் பேசிய இடமெல்லாம் வரிசையாக வந்தது. அந்தம்மா சிரித்துச் சிரித்து, கடைசியில் உடைந்து அழுதார். கணவர் போனதிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவை அழுகிறாராம். அத்தை அவர் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு பையனின் அப்பாவிடம் சொன்னார்.

"காரியம் முடியட்டும். நாள் தள்ளாம அந்தப் பொண்ணுக்குப் பூ வெச்சிடுங்க. இந்த ஊட்ல இனிமே ஒளறதுக்கு யாரு இருக்கா?"

பையனின் அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார்.

"சரி, சரி. இப்பவாச்சும் சொல்லாம கெளம்புய்யா."

கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் மகள் போன் செய்தபோது, மனைவி போனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"ஆமாண்டி, பேசிட்டாரு... ஊரே கேக்கற மாதிரிதான்... ஏய், அழுவாத, மொதல்ல முழுசா கேளு. எழுந்து சோறு துண்ணு. பூ வைக்க வராங்க."