பின் கேட்டுக்கு வழி

1. ஒரு ஆள் குறைவு

வெளியே நின்ற பிள்ளைகளை எண்ணினேன். இருபத்தி இரண்டு. ஒவ்வொருவர் தோளையும் தொட்டு மறுபடி எண்ணினேன். இருபத்தி இரண்டுதான். இருக்க வேண்டியது இருபத்தி மூன்று.

ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவில் இருந்த, பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஹாஸ்டல் பள்ளி அது. நான் அங்கே சிறப்பாசிரியை. பள்ளியின் முன்பக்கச் சுவரை ஒட்டி ஒரு கோடவுன் உண்டு. கம்பெனிகள் கழித்துக் கட்டும் தெர்மாகோலும் ஃபோமும் அதில் கூரை வரைக்கும் குவிந்து கிடக்கும். அன்று காலை பதினோரு மணி வாக்கில் அது பற்றிக்கொண்டது. எங்கள் பக்கம் எதையாவது எரிக்கிற நாற்றம் புதிதல்ல. அதனால் முதலில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். வாட்ச்மேன் ஏழுமலை ஓடி வந்தார். "மிஸ், முன்னாடி கேட்டாண்ட ஒரே பொகையா கீது. புள்ளைங்கள பின்னால இட்டுக்கினு வாங்க" என்றார். பெல் விடாமல் அடித்தது. முன்னால் நிற்பவர் தோளைப் பிடித்து வரிசையாகப் பின் கேட் வழியே ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தோம்.

பெயர் கூப்பிட்டுப் பார்த்தோம். பெனிட்டா இல்லை. பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்டவளைக் கொஞ்ச நேரம் முன்பு நான்தான் அனுப்பியிருந்தேன். புகையைப் பார்த்த பதற்றத்தில் அது மறந்துபோயிருந்தது. 

2. அந்தப் படம்

பெனிட்டாவுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அங்கேயே ஒரு மாடி ரூமில் வாடகைக்கு இருந்தார்கள். அவள் எங்கள் ஹாஸ்டலுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வந்ததும் போனதும் முன் கேட் வழியாகத்தான். பின் கேட்டை அவள் என்னுடைய படத்தில் மட்டும்தான் அறிவாள்.

விரலால் தடவிப் படிக்கிற படத்தைப் புடைப்புப் படம் என்போம். ஆபத்து நேரத்தில் வெளியேறும் வழியைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லி எச்.எம். கேட்டிருந்தார். அதற்காகப் பள்ளியின் கீழ்த்தளத்தை அட்டையில் போட்டேன். சுவருக்குச் சணல் கயிறு, வாசலுக்கு இடைவெளி, படிக்கட்டுக்கு வரிவரியான அட்டை, பின் கேட்டுக்கு ஒரு சட்டைப் பட்டன். அதை மாஸ்டராக வைத்து, சூட்டில் அச்செடுக்கிற தெர்மோஃபார்ம் மெஷினில் பிளாஸ்டிக் ஷீட் காப்பிகள் எடுத்தோம்.

பெனிட்டா அதை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். இடது கையை ஓரத்தில் ஊன்றிக்கொண்டு வலது கை விரல்களால் அவள் கோடு தொடர்கிற அழகை மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்காட்டினேன். ஒரு கம்பெனியிலிருந்து விசிட்டர்ஸ் வந்தபோது அவளைத்தான் முன்னால் உட்காரவைத்தேன். கேட் எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். "படிக்கட்டுகிட்ட வந்து அப்படியே மேல போனா கேட்" என்றாள். கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். அது நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம். ஒரு சொல் பிசகவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

3. உள்ளே

எச்.எம். என்னைப் போக விடவில்லை. ஃபயர் சர்வீஸ் கிளம்பிவிட்டது, பத்து நிமிடம் பொறுங்கள் என்றார். நீங்களும் உள்ளே மாட்டிக்கொண்டால் நான் யாருக்குப் பதில் சொல்வேன் என்றும் கேட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்றுதான் எனக்கு ஓடியது. பிள்ளைகளைச் சமையல்கார அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, கரையோரக் குழாயில் முந்தானையை நனைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனேன். ஏழுமலையும் பின்னாலேயே வந்தார்.

வராண்டாவில் பாதி தூரம்கூடக் கண் தெரியவில்லை. பாத்ரூமில் அவள் இல்லை. கிளாஸ் ரூமில், பெஞ்சுக்கு அடியில் எல்லாம் பார்த்தேன். சாப்பாட்டு ஹாலுக்கு ஏழுமலை போனார். பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தால் புகை தொண்டையை அடைத்தது. முன் கேட் பக்கம் போயிருப்பாளோ என்று நினைத்தேன். அவளுக்குத் தெரிந்த ஒரே கேட் அதுதானே.

அந்தப் பக்கம் திரும்பினேன். அதற்குள் திரும்பி வந்த ஏழுமலை என் கையைப் பிடித்து நிறுத்தினார். "சத்தம் கேக்குதா மிஸ்? மேல."

இரும்பு ஆடுகிற சத்தம். கொஞ்சம் நிற்கும், மறுபடி ஆடும்.

மாடிப்படியில் புகை இன்னும் அடர்த்தி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடிதான் ஏறினேன். மொட்டை மாடிக்குப் போகிற வழியில் ஒரு கிரில் கேட் உண்டு, எப்போதும் பூட்டியே இருக்கும். பெனிட்டா அதன் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். என் செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

"மிஸ், கேட் பூட்டியிருக்கு. யாருமே தொறக்க மாட்றாங்க" என்றாள்.

ஏழுமலை அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். இறங்கும்போது ஒரு படி தவறி எனக்கு முட்டி பெயர்ந்தது. வெளிக்காற்றில் வந்து விழுந்த பிறகுதான் அது வலித்தது.

4. யார் தப்பு

படப்பை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, சாயங்காலம் வரை பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றார்கள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் மாடிக்குப் போனாய் என்று கேட்டேன்.

"நீங்கதான மிஸ் சொன்னீங்க, படிக்கட்டுகிட்ட வந்து மேல போனா கேட்டுன்னு. நான் சரியாத்தான போனேன்?"

படம் என் மேஜையில் கிடக்கும்போது, என்னைவிட்டுத் தள்ளி இருக்கிற ஓரம் எனக்கு ‘மேல’. பார்வை உள்ளவர்கள் எல்லோரும் காகிதத்தைப் பற்றி அப்படித்தான் பேசுகிறோம். பெனிட்டாவுக்கு மேல என்றால் தலைக்கு மேல. அவர்கள் குடியிருந்த வீட்டிலும் படியேறினால் கிரில் கேட் உண்டாம். அவள் எந்தச் சந்தேகமும் இல்லாமல் போயிருக்கிறாள். ஷீட்டில் இருந்ததெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அந்த ஷீட்டும் அவள் நடக்கிற வராண்டாவும் ஒன்று என்று நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஒரு நாள்கூட ஷீட்டைக் கையில் கொடுத்து அவளைப் பின் கேட் வரை நடத்திப் போனதில்லை.

எச்.எம். அறிக்கை எழுதிக்கொண்டு வந்தார். குழந்தை பதற்றத்தில் வழிமாறிப் போனதாக அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. பிள்ளை வழிமாறவில்லை, நான் சொன்ன வழியில்தான் போனாள், அவளைப் பாத்ரூமில் விட்டு வந்ததும் நான்தான், அப்படியே எழுதுங்கள் என்றேன். அப்படி எழுதினால் உங்கள் வேலைக்கே பிரச்சினை வரும் என்று மெல்லிய குரலில் சொன்னார். வரட்டும் என்று சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான்.

அப்பா கம்பெனி யூனிஃபார்மோடு வந்தார். அவரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டுவார், டி.சி. கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் மகளின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப இவ மேல தப்பு இல்லேல்லா? அத இவகிட்ட நீங்களே சொல்லிருங்க டீச்சர். தான்தான் தப்பு பண்ணிட்டோம்னு வந்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டே கெடக்கா" என்றார்.

அவர் முன்னாலேயே சொன்னேன். பெனிட்டா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

5. தட்டில் ஒரு வராண்டா

எனக்கு மெமோ வந்தது, வேலை போகவில்லை. பெனிட்டாதான் படத்தைத் தொட மறுத்தாள். ஷீட்டை முன்னால் வைத்தால் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வாள். ஒரு மாதம் அப்படியே போனது. நான் கட்டாயப்படுத்தவில்லை. அதே ஷீட்டைப் படித்த மற்ற பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சோதித்தேன். ஒருத்தன் பட்டனைச் சரியாகத் தொட்டுக்காட்டினான். கேட்டுக்கு நட என்றதும் சுவரில் போய் முட்டினான். ஹாலில் அந்தப் படத்தைச் சுவரில் வேறு ஒட்டிவைத்திருந்தேன், பட்டன் உச்சியில் இருக்கும்படி. அன்றே அதைக் கழற்றினேன்.

பிறகு ஷீட்டையே ஓரம்கட்டினோம். ஒரு காலித் தட்டு, கொஞ்சம் நூல், தீப்பெட்டிகள். முதலில் கிளாஸ் ரூமை நடந்து பார்ப்பது, பிறகு அதைத் தட்டில் அவர்களே அடுக்குவது. மேல, கீழ என்ற சொற்களைத் தட்டுக்குச் சொல்வதில்லை என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். ‘உன்கிட்டேருந்து தள்ளி’, ‘உன் பக்கம்’ என்று சொல்லப் பழகினேன். பல தடவை நாக்கு பழையபடியே போனது. பிள்ளைகள் சிரித்துத் திருத்தினார்கள்.

பெனிட்டா தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் பக்கத்தில் வந்து ஒரு பையனின் தட்டைத் தடவினாள். வராண்டாவில் தண்ணி டிரம் எங்கே என்று கேட்டாள். அவன் வைக்கவில்லை. இவள் ஒரு பாட்டில் மூடியை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். அன்றிலிருந்து தட்டு அவளுடையது.

வெளியேறும் டிரில் வைத்த நாளில் அவள் முன்னால் நடந்தாள், நான் வாயைத் திறக்காமல் பின்னால் போனேன். படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். கையை நீட்டிக் கைப்பிடியைத் தொட்டாள்.  பிறகு கையை எடுத்துவிட்டு, வராண்டாவில் நேராகப் போய்ப் பின் கேட்டைத் தாண்டி வெளியே நின்றாள்.

"இங்கேருந்து பஸ் ஸ்டாப்புக்கு எப்படிப் போறது மிஸ்? அதையும் போடலாமா?" என்று கேட்டாள்.

இப்போது புதிதாக வேலைக்கு வருகிற டீச்சர்கள் பிள்ளையின் விரலைப் பிடித்து, இது என்ன, அது என்ன என்று கேட்பதைப் பார்க்கிறேன். பிள்ளை டக் டக்கென்று சொல்லும், டீச்சர் முகம் மலரும். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். பதில் சரியாக வந்ததும் பாடம் முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். படத்தை மூடிவைத்துவிட்டு, ‘சரி, இப்ப என்னை அங்க கூட்டிட்டுப் போ’ என்று சொல்லுங்கள். பிறகு பேசாமல் பிள்ளையின் பின்னால் நடங்கள்.