பதினேழாவது திருத்தம்

என் அக்கா வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் பெயர் ‘திருத்தம்’. எனக்கு மாமா. கிரேன் ஓட்டுவதில் மகா கெட்டிக்காரர்; இருபது டன் பெட்டியைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல இறக்குவார். கீழே இறங்கிச் சங்கக் கூட்டத்துக்கு வந்தால்தான் வினை. எந்தத் தீர்மானத்தை வாசித்தாலும் ஒரு திருத்தம் சொல்லக் கை உயரும். முப்பது வருஷத்தில் ஒன்றுகூட நிறைவேறியதில்லை. அத்தனையையும் சங்கக் குறிப்பேட்டில் எழுதிக் கை வீங்கியவன் நான். கல்யாணப் பத்திரிகையிலேயே திருத்தம் சொல்லி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர் அவர்.

அந்த வாரம் பக்கத்து நாட்டுத் துறைமுகச் சங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு கப்பலில் குண்டுப் பெட்டிகள் ஏற்ற வேண்டியிருந்ததாம். கிரேன் ஓட்டும் ஓர் அம்மா, இது யார் பிள்ளைகள் தலையில் விழும் என்று தெரிந்த பிறகு தூக்கமாட்டேன் என்று சாவியைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். அன்றே அவர் வேலை போய்விட்டது. இப்போது பெட்டிகள் லாரியில் உங்கள் ஊருக்கு வருகின்றன, அதே கப்பலும் வருகிறது, நீங்களும் தொடாதீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

கப்பல் வந்த அன்று பகல் ஒரு மணிக்குச் செயலாளர் பொதுக்கூட்டம் கூட்டினார். மாலை ஐந்து மணிக்குக் கடல்நீர் ஏறும்போது கப்பல் கிளம்பியாக வேண்டும். அதன் இடத்துக்கு இன்னொன்று காத்திருந்தது. அக்கா சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கும்போதே மாமாவை எச்சரித்தாள்.

“இன்னைக்காவது வாயைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. அங்க ஒரு பொம்பளை வேலையவே விட்டிருக்கா.”

மாமா தலையாட்டினார்.

சாப்பாட்டுக் கூடத்தில் பாதிக்கு மேல் கொடிக்காரர்கள். வெளிநாட்டுக்காரனெல்லாம் வெளியேற வேண்டும், சண்டை போட்டால்தான் நாட்டுக்கு மரியாதை என்று ஆறு மாதமாக டீ இடைவேளைகளில் ஓதி ஓதி ஆள் சேர்த்தவர்கள். அவர்கள் தலைவன் ‘மீசை’, லீவில் இருந்தவர்களைக்கூட வேன் வைத்து அழைத்து வந்திருந்தான். தலைகளை எண்ணிப் பார்த்தேன். பதினோரு ஓட்டில் தோற்போம். செயலாளருக்கும் அது தெரிந்துவிட்டது. பேயறைந்த மாதிரி நின்றார்.

தீர்மானத்தை வாசித்ததும் உடனே ஓட்டுக்கு விடச் சொன்னான் மீசை. அப்போது பின்வரிசையில் அந்தக் கை உயர்ந்தது.

“ஒரு சின்னத் திருத்தம், தோழரே.”

எனக்கு ரத்தம் கொதித்தது. ‘பெட்டிகளைத் தொடமாட்டோம்’ என்று இருக்கிறதே, மூடியைத் தொடலாமா என்று தெளிவாக்க வேண்டுமாம். செயலாளர் வாயைத் திறந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். எங்கள் விதிப்படி ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனி விவாதம், தனி ஓட்டு. பொதுக்கூட்டம் முடியும்வரை யாரும் வேலைக்கு இறங்கவும் கூடாது. கம்பெனியே கையெழுத்துப் போட்ட விதி. திருத்தத்தை விவாதத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் செயலாளர் அறிவித்தார், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மரியாதையோடு.

மூடி தோற்றது. கட்டும் கயிறு பெட்டியில் சேர்த்தியா என்பதும் தோற்றது. மூன்றாவதில்தான் எனக்கு உறைத்தது, மனிதர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறார் என்று. கொடிக்காரர்கள் எழுந்து போனால் ஓட்டுக் குறையும், உட்கார்ந்தால் நேரம் போகும். ‘கடல்’ என்பதில் உப்பங்கழி அடங்குமா என்ற ஒன்பதாவது திருத்தத்தை எதிர்த்து மீசையே தன்னை மறந்து கால்மணி நேரம் பேசினான். பதினாறாவது தோற்றபோது வெளியே கப்பல் சங்கு ஊதியது.

ஜன்னலுக்கு ஓடினோம். கப்பல் வெறும் வயிற்றோடு நகர்ந்துகொண்டிருந்தது. பெட்டிகள் கிடங்கிலேயே கிடந்தன. மீசை ஆட்களோடு விருட்டென்று வெளியேறினான். மிச்சமிருந்தவர்கள் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றினோம்.

பக்கத்து நாட்டுச் சங்கத்துக்கு எழுதிய பதிலைச் செயலாளர் வாசித்தார். ஏற்றவில்லை, உங்களோடு நிற்கிறோம் என்று இரண்டே வரி. மறுபடி கை உயர்ந்தது. கூடமே முனகியது. மாமாவுக்குக் குரல் சுத்தமாகப் போயிருந்தது. என் குறிப்பேட்டைப் பிடுங்கி எழுதிக் கொடுத்தார். நான் எழுந்து வாசித்தேன்.

“கடிதம் சங்கத்துக்கு வேண்டாம். வேலை போன அந்த அம்மா வீட்டுக்குப் போகட்டும். முதல்ல இறங்கினது அவங்கதான்.”

யாரும் விவாதிக்கவில்லை. எல்லாக் கைகளும் உயர்ந்தன. ‘நிறைவேறியது’ என்று எழுதும்போது எனக்குக் கண்ணை நீர் மறைத்தது. மாமா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, தேதியைத் தப்பாகப் போட்டிருக்கிறேன் என்று சைகை காட்டினார்.