ஊர் சிரிக்க ஒரு பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் ஞானஸ்நானம். "பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று ஃபாதர் கேட்டார். "ஈசாக்கு" என்றாள் பிலோமினா. அவ்வளவுதான் – பெண்கள் உட்காரும் பக்கத்து வாங்குகளில் இருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது பாருங்கள், பாட்டுக் குழுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

ஃபாதர் ஊருக்குப் புதியவர். பாவம், மைக்கில்தான் ஏதோ கோளாறு என்று அதைத் தட்டிப் பார்த்தார்.

கோயிலில் சிரிக்கலாமா? கூடாதுதான். ஆனால் இந்தப் பெயரைக் கேட்டால் சிரிக்கத்தான் வேண்டும். பெயருக்கு அர்த்தமே அதுதானே!

ஈசாக்கு எபிரேயப் பெயர். அந்த மொழியில் யிட்ஸ்ஹாக். 'அவன் சிரிப்பான்' என்று பொருள். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்... ஆபிரகாமுக்கு நூறை எட்டும் வயது, சாராவுக்குத் தொண்ணூறு. அந்த வயதில் உங்களுக்கு ஒரு மகன் பிறப்பான் என்று செய்தி வருகிறது. கூடாரத்துக்குள் நின்று ஒட்டுக் கேட்ட சாராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரித்தாய் என்று கேள்வி வந்ததும் பயத்தில், நான் எங்கே சிரித்தேன் என்று ஒரே மறுப்பு. இதில் பலரும் சொல்லாமல் விடுகிற சங்கதி ஒன்று உண்டு. அதற்கு முன்பே ஆபிரகாமும் விழுந்து சிரித்தவர்தான். அவரிடம் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. விசாரணை மனைவிக்கு மட்டும்!

இவ்வளவு நல்ல பெயர், எங்கள் கோயில் பங்கில் எனக்குத் தெரிய ஒருவருக்கும் இல்லை. கோயில் வாசலில் நின்று "அந்தோனி" என்று கூப்பிட்டால் பாதி ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சூசை, சவிரி, செபமாலை – இவர்களுக்கும் குறைவில்லை. இப்போது பிறக்கிறவர்கள் எல்லாம் டிலக்சன், நிலக்சன்... அது எந்த மொழி என்று வைத்தவர்களுக்கே தெரியாது. புனிதர் பெயர் வைத்தால் திருநாள் உண்டு, கொடியேற்றம் உண்டு, சுரூபம் உண்டு. ஈசாக்குக்கு எங்கள் ஊரில் என்ன உண்டு? ஒன்றும் இல்லை. அதனால் ஆளும் இல்லை.

முஸ்லிம்கள் வாழும் எருக்கலம்பிட்டிப் பக்கம் போனால் கதை வேறு. அங்கே அவர் இஸ்ஹாக். எங்கள் ஒழுங்கைக்கு வீடு வீடாகத் துணி கொண்டு வரும் பரீதா ராத்தா அந்த ஊர்க்காரி. அவவின் மாமா இஸ்ஹாக், மச்சான் இஸ்ஹாக், புத்தளத்தில் பிறந்த மருமகனும் இஸ்ஹாக். "ஒருத்தனுக்கு ஃபோன் எடுத்தா மத்தவன் கதைப்பான் புள்ள" என்பா.

சரி, அந்தோனிகள் நிறைந்த பங்கில் பிலோமினா மட்டும் எப்படி ஈசாக்கைப் பிடித்தாள்? அதைத்தானே சொல்ல வருகிறேன்.

பிலோமினா எங்கள் ஒழுங்கைக்காரி. வயது நாற்பத்தைந்து இருக்கும். கணவர் சவிரி அண்ணன் வான் ஓட்டுகிறார். ஒரே மகள் டிலானி. கல்யாணமாகி, முதல் பிள்ளைப்பேற்றுக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். அதுதானே வழக்கம்? தாய் பத்தியக் கறி காய்ச்சுவாள், மகள் பிள்ளையோடு படுத்திருந்து சாப்பிடுவாள்.

அந்த நேரம் பார்த்துப் பிலோமினா கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பூசைக்கு இல்லை, கடைக்கு இல்லை, வாசலில் நின்று மீன்காரனோடு சண்டை பிடிக்கவும் இல்லை. ஊர் சும்மா இருக்குமா?

சந்தையில் யாரோ சவிரி அண்ணனை மறித்துக் கேட்டுவிட்டார்கள். "என்ன அண்ணை, மனிசியைக் கோயில் பக்கம் காணேல்லை?" பொய் சொல்லத் தெரியாத மனிதர். "வயித்துக்க ஒரு சின்னப் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த மரக்கறியையும் வாங்காமல் ஓடிவிட்டார்.

மீதியை ஊர் பார்த்துக்கொண்டது. சந்தையில் பிரச்சினையாக இருந்தது பஸ் ஸ்டாண்டில் கட்டியாகியது. கோயிலடிக்கு வந்து சேரும்போது கட்டி தேங்காய் அளவு. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தாயிற்று என்று சத்தியம் பண்ணவும் ஆள் இருந்தது. பிலோமினாவிடம் யாராவது போய்க் கேட்டார்களா? கேட்பதாவது! நோயாளியிடம் நோயைப் பற்றிக் கேட்பது மரியாதை இல்லை என்பது எங்கள் ஊர்ச் சட்டம். மற்ற எல்லாரிடமும் கேட்கலாம்.

மிட்வைஃப் மிஸ் அந்த வீட்டுக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தா. டிலானியைப் பார்க்கத்தானே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

இங்கேதான் றீற்றா அக்கா வருகிறா. எங்கள் செபக் குழுத் தலைவி. தங்கமான மனுஷி. ஒருவருக்குச் சளி, தடிமன் என்றாலே நவநாள் செபம் தொடங்கிவிடுவா. கட்டி என்றால் விடுவாவா? ஞாயிறு தவறாமல் பூசைக் கருத்துக் கொடுத்தா. எங்கள் கோயில் ஒலிபெருக்கி எப்படிப்பட்டது தெரியுமா? பூசைக்குப் போகாதவர்களுக்குக் குசினிக்குள்ளேயே பூசை கேட்கும். "வயிற்றில் கட்டியால் வருந்தும் சகோதரி பிலோமினாவுக்காக மன்றாடுவோம்" என்று வாராவாரம் காற்றில் வந்தது. "கறிச்சட்டியை இறக்கவும் கை வரேல்லையடி" என்று பிலோமினா பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

மன்றாட்டு மட்டும் போதாது, நேரில் போய்க் கை வைத்துச் செபிக்க வேண்டும் என்று றீற்றா அக்கா முடிவு கட்டினா. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மாதா சுரூபம், மெழுகுதிரி, ஒரு பை நிறையத் தோடம்பழம் – இவற்றோடு நாங்கள் ஊர்வலமாகப் போனோம். நானுமா? பின்னே! பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள் வீட்டிலேயா இருப்பாள்?

கதவைத் திறந்த டிலானி, நிறைவயிற்றோடு, எங்களைப் பார்த்து முழித்தாள். உள்ளே பிலோமினா கட்டிலில். கழுத்துவரை தடித்த போர்வை. எங்கள் ஊர் வெக்கையில் போர்வை! மெழுகுதிரி அணைந்துவிடும் என்று றீற்றா அக்கா ஃபானையும் நிற்பாட்டிவிட்டா. நோயாளிக்கு வேர்த்துக் கொட்டியது. "பாருங்கோ, காய்ச்சலும் சேர்ந்திட்டுது" என்று யாரோ காதைக் கடித்தார்கள். குசினி வாசலில் துணி மூட்டையோடு பரீதா ராத்தா நின்றா. முகத்தில் ஏதோ மாதிரி ஓர் இறுக்கம். பாவம், கவலைப்படுகிறா என்று நினைத்தேன்.

செபமாலை முடிந்தது. றீற்றா அக்கா பிலோமினாவின் தலையில் கை வைத்துக் கண்ணை மூடினா.

"ஆண்டவரே, இந்தக் கட்டி இருந்த இடம் தெரியாமல் கரைஞ்சு போகட்டும்!"

"கரைஞ்சு போகட்டும்!" என்றோம் நாங்கள்.

"வேரோட அழிஞ்சு போகட்டும்!"

"அழிஞ்சு போ..."

"நிப்பாட்டுங்கோ!"

போர்வை நிலத்தில் கிடந்தது. பிலோமினா எழும்பி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திப் பிடித்திருந்தாள்.

"ஐயோ, நிப்பாட்டுங்கோ றீற்றாக்கா! இது கட்டி இல்லை. பிள்ளை. என்ர பிள்ளை!"

மெழுகு என் கையில் சொட்டியது, அதுகூட உறைக்கவில்லை.

"மகள் வயித்தோட நிக்கேக்க தாயும் வயித்தோட நிண்டா ஊர் சிரிக்காதோ? மருமகன்ர ஆக்களின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? அதான் ஒளிச்சிருந்தனான்" என்று அழுதாள். "சிரிக்கிறதெண்டாச் சிரிங்கோ. ஆனா கரைஞ்சு போகட்டும் எண்டு மட்டும் கேக்காதேங்கோ. டிலானிக்குப் பிறகு ரெண்டு அப்பிடித்தானே போனது. இதையாவது எனக்கு விடுங்கோ."

அந்த இரண்டைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தேங்காய் அளவு வரை தெரிந்த ஊருக்கு இது தெரியாது.

றீற்றா அக்கா அப்படியே முழங்காலில் விழுந்தா. "ஆண்டவரே, இப்ப கேட்டதைக் கணக்கில எடாதேயும். போன கிழமை கேட்டதையும் எடாதேயும்..." கொஞ்சம் யோசித்தா. மாதா சுரூபத்தின் பக்கம் திரும்பினா. "தாயே, நீரும் ஒருக்காச் சொல்லிவிடும்."

குசினி வாசலில் இருந்து ஒரு சத்தம். பரீதா ராத்தா முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தா. பிலோமினாவுக்குத் தொளதொள உடுப்பெல்லாம் இரகசியமாகக் கொண்டு வந்து கொடுத்ததே அவதான். அத்தனை நேரமும் சிரிப்பைத்தான் அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறா! பிறகு டிலானி. பிறகு நாங்கள். மாதங்களாக எந்தச் சிரிப்புக்குப் பயந்து பிலோமினா ஒளிந்திருந்தாளோ, அந்தச் சிரிப்பு அவள் அறைக்குள்ளேயே வந்துவிட்டது. நடுவில் கண்ணீரும் மூக்குமாக அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நம்மட இப்றாஹீம் நபிட பொஞ்சாதியும் இப்புடித்தான் சிரிச்சவங்க புள்ள" என்றா பரீதா ராத்தா, கண்ணைத் துடைத்தபடி. "ஆம்புளப் புள்ளயெண்டா இஸ்ஹாக் எண்டு வையி."

"அது எங்கட ஈசாக்கு!" என்று றீற்றா அக்கா துள்ளி எழுந்தா.

"ஒங்களுக்கும் அவருதான், எங்களுக்கும் அவருதான். புள்ளட உம்மா சொல்லட்டுமே."

சவிரி அண்ணன் கதவு மூலையில் கூச்சத்தோடு நின்றார். "ஏனப்பா, அர்த்தம் தெரிஞ்சா ஊர் சிரிக்குமே?"

"சிரிக்கட்டும். சிரிக்கத்தானே பேர்" என்றாள் பிலோமினா.

அடுத்த ஞாயிறு பூசைக்கு வந்தாள். பின் வாங்கில் இல்லை... முன் வாங்கில், வயிற்றைத் தள்ளிக்கொண்டு! சம்பந்தி வீட்டார் என்ன சொன்னார்கள் என்கிறீர்களா? ஒரு தொட்டில் வாங்க இருந்தவர்கள் இரண்டு வாங்கி அனுப்பினார்கள். தாய்க்கும் மகளுக்கும் பத்தியக் கறி யார் காய்ச்சுவது என்ற கேள்வியும் வந்தது. செபக் குழு முறை வைத்துக் காய்ச்சியது. பாவத்துக்குப் பரிகாரம் வேண்டாமா?

டிலானியின் மகன் முதலில் வந்தான். தாய்மாமன் கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தார். ஆக, எங்கள் ஒழுங்கையில் இப்போது மருமகன் மூத்தவன், மாமன் இளையவன். மருமகனுக்குப் பெயர் டிலக்சன். வேறென்ன!

ஞானஸ்நானம் முடிந்து பிலோமினா வீட்டில் தேத்தண்ணி. ஈசாக்கின் ஞானத்தாய் யார் என்று சொல்லத் தேவையில்லை. றீற்றா அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவரையும் தொடவிடாமல் இருந்தா. எனக்கு வாய் சும்மா கிடக்குமா?

"என்ன றீற்றாக்கா, கட்டி கரைய எண்டு எவ்வளவு மன்றாடினீங்கள்... உங்கட செபம் ஒண்டும் ஆண்டவர் காதில விழேல்லைப் போல?"

அவ நிமிர்ந்து பார்த்தா. பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னா:

"ஆர் சொன்னது? வயித்தில இருந்த கட்டி இப்ப வயித்தில இருக்குதோ?"